கடற்கரைக்குத் தைத்த பை மலைக்குப் பொருந்துமா? கல்லூரி விடுதிகளுக்கான ரெடிமேட் புயல் கிட்: ஒரு மதிப்பீடு

ஐப்பசி நெருங்கும்போது கல்லூரி அலுவலகங்களுக்கு விற்பனைக்கு வரும் பொருள்களில் ‘சைக்ளோன் எமர்ஜென்சி கிட்’டும் ஒன்று. சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத் தோள்பை. மேலே ‘25 பேருக்கு, 72 மணி நேரம்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே டார்ச், விசில், பவர் பேங்க், கயிறு, தார்ப்பாய், குளோரின் மாத்திரை, ஃபாயில் போர்வை, முதலுதவிப் பெட்டி, ஒட்டும் டேப், கையில் பிடிக்கும் மெகாஃபோன். கூடவே ‘வளாகப் பாதுகாப்புத் திட்டம்’ என்ற தலைப்பில் கோடிட்ட இடங்களை நிரப்பும் ஒரு கோப்பு. பல பெயர்களில் விற்கிறார்கள்; பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இந்த மதிப்பீடு எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றியது இல்லை, இந்த வகைப் பையைப் பற்றியது. சேலம் நகரிலோ அடிவாரத்திலோ ஏற்காட்டிலோ விடுதி நடத்தும் கல்லூரி இதை வாங்கலாமா என்பதே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விடுதியில் மாடிக்கு ஒரு பை வாங்கி வைக்கலாம், ஆனால் உள்ளிருப்பதில் பாதியை மாற்றியாக வேண்டும். கூட வரும் திட்டக் கோப்பை நம்பி எதையும் செய்யக் கூடாது. அது கடற்கரைக்கு எழுதப்பட்டது. பல இடங்களில் அமெரிக்க ஹரிகேன் (அங்கே புயலுக்கு அந்தப் பெயர்) திட்டத்தின் நகல் என்று படித்தவுடனே தெரிகிறது.

கோப்பின் முதல் பக்கத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. ‘வகை 1 முதல் வகை 5 வரை’ என்று புயலைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறது. அது அட்லாண்டிக் ஹரிகேன்களுக்கான அளவுகோல், காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பது. நம் இந்திய வானிலை ஆய்வு மையம் பயன்படுத்துவது வேறு வரிசை: மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை காற்று இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 63க்கு மேல் போனால்தான் புயல். புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து சேலம் நேர்கோட்டில் சுமார் 180 கி.மீ. உள்ளே இருக்கிறது. இங்கே வந்து சேரும்போது பெரும்பாலான புயல்கள் பெயரை இழந்து வெறும் தாழ்வு மண்டலமாகியிருக்கும். கோப்பின் கணக்கில் அது பூஜ்யம், ‘நடவடிக்கை தேவையில்லை’ என்ற கட்டத்தில் விழும். ஆனால் ஏற்காடு இருக்கும் சேவராயன் மலைக்கு அதுதான் மோசமான நாள்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அங்கேயே நகராமல் நின்றது, வலுவிழந்த பிறகு மேற்கே உள்நாட்டுக்கு வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல். மலைப்பாதையில் மண் சரிந்தது. காற்றை மட்டும் பார்த்த யாருக்கும் இது வரப்போவது தெரிந்திருக்காது.

அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவிலும் இதே பாடம். ஹெலீன் ஹரிகேன் ஃபுளோரிடாவில் கரையேறி, 600 கி.மீ. தள்ளி, வட கரோலைனாவின் மலை நகரமான ஆஷ்வில்லை அடைந்தபோது வகை எண்ணெல்லாம் போய்விட்டது. மழையும் மண்சரிவும்தான் வந்தன. மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் அங்குள்ள பல்கலைக்கழகம் மாணவர்களை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. நகரக் குழாயில் குடிக்கத் தகுந்த நீர் திரும்ப வர 53 நாள் ஆயிற்று. ஹரிகேன் திட்டத்தை நகலெடுத்து விற்பவர்கள் அந்த நாட்டு மலை ஊரின் அனுபவத்தையாவது சேர்த்திருக்கலாம்.

இனி பை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்போம்.

டார்ச். உள்ளேயே பேட்டரி பொருத்தி, சார்ஜ் போடும் வகையைத்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். அலமாரியில் ஆறு மாதம் கிடந்தால் தானாகவே வடிந்துபோகும். புயல் இரவில் பொத்தானை அழுத்தும்போதுதான் தெரியும். இதை எடுத்துவிட்டு, ஏஏ செல் போடும் தலைவிளக்கு மாடிக்கு நான்கு வாங்குங்கள். செல்களை விளக்குக்குள் போட்டு வைக்காமல் தனி டப்பாவில் வைக்க வேண்டும். உள்ளேயே கிடந்தால் கசிந்து முனையை அரித்துவிடும். தலையில் மாட்டும் விளக்கு ஏன் என்றால், படியில் ஆளைத் தூக்கும்போதும் கதவை உடைக்கும்போதும் இரண்டு கையும் வேண்டும்.

பவர் பேங்க் 20,000 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கும். கேட்க நிறையத் தோன்றும். கணக்குப் போட்டால் 74 வாட்-மணி. மாற்றத்தில் போவது போக, இன்றைய 5,000 மில்லிஆம்பியர் போன்களை மூன்று தடவை நிரப்பும், அவ்வளவே. 25 பேருக்கு இது எந்த மூலைக்கு? அதனால் முன்கூட்டியே விதி வைத்துவிட வேண்டும்: வார்டன் போன், மாடிப் பிரதிநிதி போன், இன்சுலின் போடும் மாணவர் இருந்தால் அவர் போன். மற்ற எல்லாரும் முதல் நாள் இரவே முழு சார்ஜ் போட்டு, மின்சாரம் போனதும் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். செல்போன் கோபுரமும் பேட்டரியில்தான் ஓடும், அதுவும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. வாட்ஸ்அப் குழுவை மட்டுமே நம்பி வருகைப் பதிவு வைத்திருக்கும் விடுதிகள் அங்கேதான் சிக்கிக்கொள்கின்றன.

சில விலையுயர்ந்த பைகளில் ஒரு ஜோடி வாக்கி-டாக்கி வருகிறது. வாங்கும் முன் எந்த அலைவரிசை என்று கேளுங்கள். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். வேறு அலைவரிசையில் இயங்கும் வாக்கி-டாக்கிக்குப் பெரும்பாலும் உரிமம் வேண்டும். பெட்டியில் எழுதிய ‘5 கி.மீ. தூரம்’ வெட்டவெளிக் கணக்கு. நடுவில் ஒரு மேடும் நனைந்த சில்வர் ஓக் தோப்பும் இருந்தால் அரைக் கிலோமீட்டரே சந்தேகம். கேட், ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, சமையலறை என்று நான்கு இடத்திலிருந்தும் மழை பெய்யும் ஒரு நாளில் பேசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒட்டும் டேப் முழுச் சுருள் ஒன்று வைத்திருக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடியில் குறுக்காக ஒட்ட. தயவுசெய்து ஒட்டாதீர்கள். டேப் கண்ணாடிக்கு எந்த வலுவும் தராது. உடையும்போது சிறு சில்லுகளாக விழ வேண்டியதைப் பெரிய கத்தித் துண்டுகளாக விழவைக்கலாம். பாதுகாப்பு செய்துவிட்டோம் என்ற நினைப்பில் மாணவர்கள் அந்த ஜன்னலோரமே படுத்துக்கொள்வார்கள். அது இன்னும் ஆபத்து. செய்ய வேண்டியது எளிது: மரம் பார்த்த பக்கத்து ஜன்னலிலிருந்து கட்டிலை நகர்த்துவது, திரையை இழுத்துவிடுவது, முடிந்தால் உள்வராந்தாவில் பாய் விரிப்பது.

ஃபாயில் போர்வை 25 எண்ணம் கொடுக்கிறார்கள். சமவெளியில் பெரிதாக வேண்டியதில்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கார்த்திகை மழையில் நனைந்த பிள்ளைக்கு நடுக்கம் நிஜமான ஆபத்து. ஃபாயில் காற்றில் கிழியும், உள்ளே இருக்கும் ஈரத்துணியை மாற்றாமல் சுற்றினால் பயனும் குறைவு. முதலில் உலர்ந்த துணி, பிறகு கம்பளி. கம்பளி கொஞ்சம் நனைந்தாலும் சூடு பிடிக்கும். பத்து மாணவருக்கு மூன்று என்ற கணக்கில் கூடுதல் கம்பளி, பிளாஸ்டிக் உறையில் கட்டி, மேல் அலமாரியில் இருந்தால் போதும்.

குளோரின் மாத்திரைதான் இந்தப் பையிலேயே நல்ல பொருள். 67 மில்லிகிராம் மாத்திரை 20 லிட்டர் தெளிந்த நீருக்கு. 20 மாத்திரை என்றால் 400 லிட்டர், 25 பேருக்கு மூன்று நாள் குடிக்கத் தாராளம். ஆனால் 20 லிட்டர் கேன் ஒன்றுகூட பையில் கிடையாது. பக்கெட்டில் போட்டுக் கலக்கினால் அளவு தவறும். மூடியுள்ள கேன் மாடிக்கு ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். கலங்கிய நீரை நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிவிட்டு மாத்திரை போட வேண்டும், அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும்.

பெரிய தொட்டிக்கு மாத்திரை கட்டுப்படியாகாது, பிளீச்சிங் பவுடர்தான். 33 சதவீத வீரியமுள்ள புதுப் பவுடர் 1,000 லிட்டருக்கு 6 கிராம், லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாமல், குவளை நீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி கழித்துக் குளோரோஸ்கோப்பில் (நீரிலுள்ள குளோரினை அளக்கும் கருவி) பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். மூட்டை வாயைத் திறந்தே வைத்திருந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. புயல் முடிந்த வாரம் விடுதியில் வயிற்றுப்போக்கு பரவ இது ஒன்றே போதும்.

தண்ணீரின் மொத்த அளவைப் பற்றிப் பை எதுவும் சொல்வதில்லை, சொல்லியிருக்க வேண்டும். குடிக்க, சமைக்க, கழிவறைக்கு எல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சம் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 200 மாணவர், மூன்று நாள் என்றால் 9,000 லிட்டர். மேல்தொட்டியை முதல் நாளே நிரப்பி, மின்சாரம் போன மணியிலிருந்து குளியலை நிறுத்தினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஆஷ்வில்லின் 53 நாள் நினைவிருக்கட்டும்: மழை கொட்டிய ஊரில் முதலில் தீர்ந்தது தண்ணீர்.

கயிறு 6 மி.மீ., 10 மீட்டர். துணி காயப்போடலாம். 12 மி.மீ. நைலான் 30 மீட்டராக மாற்றுங்கள். மாற்றினாலும் ஓடும் தண்ணீரைக் கடக்க அதைக் கட்டாதீர்கள். 15 செ.மீ. ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும்.

தார்ப்பாய் 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) தடிமன், ஒரு இரவுக் காற்றில் வளையம் பிய்ந்துவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தார்ப்பாய், கயிறு மொத்தமாக விற்கும் கடைகளில் 200 ஜி.எஸ்.எம்.க்கு மேல் கேட்டு வாங்குவதே மேல். மலை வளாகத்தில் தார்ப்பாய்க்கு இன்னொரு பெரிய வேலை உண்டு: சரிவின் தலைப்பில் மண்ணில் விரிசல் கண்டால், மழைநீர் அதற்குள் இறங்காமல் மூடி, மண்மூட்டை வைத்து அழுத்துவது. அதற்கு மட்டுமே தனியாக இரண்டு எடுத்து வைக்கலாம்.

முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் பிளாஸ்திரியும் நிறைய. ஓ.ஆர்.எஸ். இரண்டே பொட்டலம். சானிட்டரி நாப்கின் கிடையாது. பெண்கள் விடுதிக்கும் அதே பையைத்தான் விற்கிறார்கள். இன்சுலின், இன்ஹேலர், வலிப்பு மாத்திரை போன்ற தினசரி மருந்து எடுப்பவர்களின் பட்டியலை வார்டன் ஜூன் மாதமே வாங்கி, ஐப்பசியில் ஒரு வாரக் கூடுதல் மருந்து கையில் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். பாம்புக்கடிக்கு என்று ரப்பர் பட்டையும் பிளேடும் சில பைகளில் இருக்கின்றன. இரண்டையும் தூக்கி எறியுங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கெடுதல். கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் கட்டையோடு கட்டி, நடக்கவிடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம்.

இதுவரை பையில் இருப்பவை. இல்லாதவைதான் நம் ஊருக்கு முக்கியம்.

முதலாவது மழைமானி. கையால் பார்க்கும் சாதாரண பிளாஸ்டிக் மானி போதும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி, வெட்டவெளியில் நடுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள், வானிலை மையமும் அந்த நேரத்துக்குத்தான் நாளைக் கணக்கிடுகிறது. எச்சரிக்கை நாளில் மூன்று மணிக்கொரு தடவை. இந்த மானி ஏன் எந்தச் செயலியையும்விட மேல் என்றால், எச்சரிக்கை நிறம் மாவட்டத்துக்கு மொத்தமாக வருகிறது. சேலம் மாவட்டத்துக்கு மஞ்சள் என்றால் மேட்டூருக்கும் ஆத்தூருக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே மஞ்சள். மலை மேலே மேகம் மோதிப் பெய்யும் மழையின் அளவு வேறு. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. உங்கள் மானி 115ஐக் காட்டும்போது நிறம் மஞ்சளாகவே இருந்தாலும் ஆரஞ்சு என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, தடுப்புச்சுவரின் வடிகுழாய்கள். மலைச்சரிவை வெட்டித்தான் விடுதிகளும் வகுப்பறைகளும் எழுகின்றன. பின்னால் கருங்கல் தடுப்புச்சுவர் நிற்கும். அதில் ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக பி.வி.சி. குழாய் வாய்கள் இருக்கும். வேரும் மண்ணும் அடைத்துக்கொண்டால் சுவருக்குப் பின்னே நீர் தேங்கி, அந்த அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். சுவர் மெலிந்து விழுவதைவிட நீர் தள்ளி விழுவதே அதிகம். புரட்டாசியில் ஒரு நாள் கம்பி விட்டுக் குத்தி எடுத்துவிட வேண்டும். பிறகு மழையில் போய்ப் பாருங்கள்: குழாய் ஒழுகினால் நல்லது. நல்ல மழையிலும் உலர்ந்தே இருந்தால் அடைப்பு. ஒழுகியது திடீரெனச் செம்மண் நிறமாக மாறினாலோ, சுவர் வயிறு தள்ளினாலோ, திறந்துகொண்டிருந்த கதவு சட்டத்தில் சிக்கினாலோ, அந்தப் பக்கத்து அறைகளை அப்போதே காலி செய்துவிட வேண்டும். பொறியாளர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பது கூடாது.

மூன்றாவது, மரம். காபித் தோட்டத்து நிழலுக்காக வைத்த சில்வர் ஓக்தான் வளாகங்களிலும் வரிசையாக நிற்கிறது. வேகமாக வளரும், மரக்கட்டை நொறுங்கும் தன்மை உள்ளது, காற்றில் கிளை சடசடவென முறியும். மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் விடுதிக் கூரை, மின்கம்பி, வண்டி நிறுத்துமிடம் இருந்தால் கிளை கழிக்க வேண்டிய பட்டியலில் அது முதல். ஆனால் ஏற்காட்டில் நினைத்தவுடன் மரத்தை வெட்டிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க நாளாகும். ஆடியிலேயே மனு கொடுத்தால்தான் ஐப்பசிக்குள் வேலை முடியும்.

விழுந்த மரத்தை அறுக்கப் பெட்ரோல் ரம்பம் வாங்கி வைக்கும் கல்லூரிகள் கூடிவருகின்றன. நல்ல யோசனை, இரண்டு எச்சரிக்கையோடு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்து, தேவைப்படும் நாளில் கயிறு இழுத்துக் கை வலிப்பதுதான் மிச்சம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, அது நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். அடுத்தது, விழுந்து வளைந்து கிடக்கும் மரம் வில் போல விசை ஏறியிருக்கும். அமுங்கியிருக்கும் பக்கம் மூன்றில் ஒரு பங்கு முதலில், பிறகு இழுபட்டிருக்கும் பக்கம். மாற்றி அறுத்தால் ரம்பம் கவ்விக்கொள்ளும் அல்லது கட்டை எகிறி அடிக்கும். பழகிய ஆள் மட்டும்தான் தொட வேண்டும், மாணவர்கள் கூடவே கூடாது. கிளைக்குள் கம்பி மாட்டியிருந்தால் யாருமே தொடக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லி, லைன் துண்டித்தாகிவிட்டது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகே கிட்டே போகலாம்.

ஜெனரேட்டரைப் பற்றிக் கோப்பில் ‘உள்ளதா? ஆம்/இல்லை’ என்ற ஒரு கட்டம்தான். 25 கே.வி.ஏ. எந்திரம் முக்கால் சுமையில் மணிக்குச் சுமார் 5 லிட்டர் டீசல் குடிக்கும். இரண்டு நாள் விடாமல் ஓட 240 லிட்டர். மலைப்பாதை மூடிவிட்டால் டீசலும் மேலே வராது. ஆகவே விடாமல் ஓட்டுவதைவிட, தண்ணீர் ஏற்ற ஒரு மணி, காலையும் மாலையும் சமையலறைக்கும் போன் சார்ஜுக்கும் இரண்டு இரண்டு மணி என்று ஓட்டினால் அதே டீசல் ஒன்பது நாளைக்கு மேல் வரும். சின்ன எந்திரத்தை மழைக்குப் பயந்து வராந்தாவில் வைத்து ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்கும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, மேலே தகரக் கூரை போட்டு வைக்க வேண்டும். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக்கில் நேராகக் கொடுத்தால் மின்சாரம் வெளி லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறிய மின்வாரிய ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

சேலம் நகருக்குள் இருக்கும் வளாகங்களுக்குக் கவலை வேறு. சேவராயன் மலையில் பெய்வது திருமணிமுத்தாற்றிலும் மூக்கனேரியிலும் இறங்கிவரும். நகரில் மழை நின்ற பிறகும் நீர் ஏறலாம். தரைத்தளத்து மின்பலகை இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கிறதா, நிலத்தடித் தொட்டியின் மூடி தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டியிருக்கிறதா, லிஃப்ட்டை மேல்மாடியில் நிறுத்தி மின்சாரத்தை அணைக்க யாருக்குத் தெரியும், ஆய்வகத்தில் கீழ்த்தட்டில் இருக்கும் அமிலப் புட்டிகளை மேலே ஏற்றுவது யார் பொறுப்பு? இந்த நான்கையும் எழுதி ஒட்டினால் பெரும்பகுதி முடிந்தது.

மறுபடி திட்டக் கோப்புக்கு வருவோம், அதில் இல்லாதது நேரம். வானிலை மையம் நான்கு கட்டமாகச் சொல்கிறது: 72 மணி நேரம் முன்பு முன்னறிவிப்புக் கண்காணிப்பு, 48 மணி முன்பு உஷார், 24 மணி முன்பு எச்சரிக்கை, கரை கடப்பதற்கு 12 மணி முன்பு, கரை கடந்த பிறகு என்ன நடக்கும் என்ற முன்னறிவிப்பு. நான்காவதைக் கடற்கரைக்காரர்கள் அவ்வளவாகப் படிக்க மாட்டார்கள், நமக்கு அதுதான் உயிர்நாடி. உள்நாட்டில் எந்தத் திசையில் போகும், எங்கே எவ்வளவு மழை என்று அதில்தான் வரும். திட்டத்தை இந்த மணிகளைச் சுற்றி எழுதுங்கள். 72இல் தொட்டி, டீசல், மருந்து, அரிசி பருப்பு சரிபார்ப்பு. 48இல் ஊருக்குப் போக விரும்பும் மாணவர்கள் பகலிலேயே இறங்கிவிட வேண்டும். 24க்குப் பிறகு யாரையும் இறக்குவதில்லை. 12இல் சரிவோர அறைகள் காலி, வராந்தாவில் படுக்கை.

இந்த 48 மணி வரம்பை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கலெக்டரின் விடுமுறை அறிவிப்பு பெரும்பாலும் முந்தின இரவோ அன்று விடியலிலோதான் வரும். அது வகுப்புக்கு விடுமுறை. விடுதியில் அதைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், பெற்றோரும் வந்துவிடு என்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டமும் மண்சரிவுமாக மலைப்பாதை மிக மோசமாக இருக்கும் மணி நேரத்தில், இரு சக்கர வண்டியில் இரண்டிரண்டு பேராக இறங்குகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழி இருக்கிறதே என்று நினைப்பதும் தவறு, அதே மழை அந்தச் சரிவிலும்தான் பெய்கிறது. ஆகவே சேர்க்கையின்போதே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்: 24 மணி எச்சரிக்கை வந்தபின் விடுதி யாரையும் அனுப்பாது, நீங்களும் அழைக்கக் கூடாது. இந்த ஒரு தாள் முழுப் பையையும்விடப் பெரிய பாதுகாப்பு.

செயலிகளில் மூன்று போதும்: வானிலைக்கு மௌசம், மின்னலுக்குத் தாமினி, பேரிடர் அறிவிப்புக்குச் சாசேத். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் மைதானம் காலி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் யாரும் வெளியே வரக் கூடாது. அவசர எண்கள் 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலம், 108 ஆம்புலன்ஸ். இவை போனில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு மாடிச் சுவரிலும் பெயின்ட்டால் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக மெகாஃபோன். ஆறு பெரிய செல் கேட்கும், செல் பையில் வராது. கொட்டும் மழையில் தகரக் கூரை இரைச்சலுக்கு மேல் அதில் பேசுவது சொல்லாகக் காதில் விழாது. அதைவிட, பள்ளிக்கூடங்களில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு ஒன்றை விடுதி முற்றத்தில் கூரைக்கடியில் தொங்கவிடுங்கள், பக்கத்திலேயே சுத்தியலையும் சங்கிலியால் கட்டி. மும்மூன்று அடியாக விட்டு விட்டு அடித்தால் எல்லாரும் உள்வராந்தாவுக்கு. விடாமல் அடித்தால் சரிவுப் பக்கத்தை விட்டு முன்வாசலுக்கு. ஒற்றை அடி, இடைவெளி, ஒற்றை அடி என்றால் பெயர் கூப்பிடுகிறார்கள், மாடிவாரியாக வந்து நிற்க வேண்டும். வார்டன், இரவு வாட்ச்மேன், சமையல் மாஸ்டர் மூவருக்கும் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் தாளில், பிளாஸ்டிக் உறைக்குள், பென்சிலோடு அதே கம்பத்தில் தொங்கட்டும். நனைந்தால் பேனா எழுதாது.